அமைதிப் பணியில் இளைஞர்கள்: அரசின் ஆதரவு எந்த வடிவில் வர வேண்டும்?

செங்காந்தள் (இழையைத் தொடங்கியவர்)

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 2015 டிசம்பர் 9 அன்று 2250 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களைப் போரில் பாதிக்கப்படுபவர்களாகவோ வன்முறையில் இறங்கக்கூடியவர்களாகவோ மட்டும் பார்க்காமல், அமைதியை உருவாக்குவதில் உரிய பங்குள்ளவர்களாக ஏற்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்ட முதல் தீர்மானம் அது. பங்கேற்பு, பாதுகாப்பு, வன்முறைத் தடுப்பு, கூட்டாண்மை, ஆயுதம் துறந்தவர்களை மீண்டும் சமூகத்தில் இணைத்தல் என ஐந்து துறைகளை அது வகுத்துக் கொடுத்தது. 2018-இல் 2419, 2020-இல் 2535 என்று மேலும் இரண்டு தீர்மானங்கள் தொடர்ந்தன. ஆகவே தீர்மானங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்குக் கையுயர்த்திய அரசுகள் தங்கள் எல்லைக்குள் என்ன செய்தன, அவற்றில் எது பயன்பட்டது, எது குழுப்படத்தோடு முடிந்தது என்பதை இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களுக்கு மேடை கொடுப்பது அரசுக்கு மிக மலிவான காரியம். நிலையான சிறு நிதி, சட்டப்படியான பொறுப்பு, உயிருக்கும் பெயருக்கும் பாதுகாப்பு ஆகிய மூன்றும் விலை உயர்ந்தவை. பெரும்பாலான அரசுகள் மேடையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு மற்ற மூன்றைத் தள்ளிப்போடுகின்றன. 2015 ஏப்ரலில் ஜோர்டான் அவையின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, இருபதே வயதான அந்நாட்டுப் பட்டத்து இளவரசர் ஹுசைன் இளைஞர்களைப் பற்றிய விவாதத்துக்குத் தலைமை தாங்கினார். இந்தத் தீர்மானத்துக்கு அடித்தளமிட்ட நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் இளவரசருக்கு நாற்காலி கிடைப்பதற்கும், இரண்டு ஊர்களுக்கிடையே கல்லெறியை நிறுத்த அலைகிற ஓர் இளைஞருக்கு மாவட்ட அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பதற்கும் உள்ள தூரம் அதிகம்.

பேரேடு

அரசுத் துறையொன்றில் மானியக் கணக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், நீங்கள் குறிப்பிட்ட சிறு நிதி என்பதிலிருந்து தொடங்குகிறேன். இளைஞர்கள் தாங்களே நடத்தும் அமைதி அமைப்புகளைப் பற்றி 2017-இல் வெளியான ஓர் உலகளாவிய கணக்கெடுப்பில், பதிலளித்த அமைப்புகளில் ஏறத்தாழ பாதி, ஆண்டுக்கு 5,000 அமெரிக்க டாலருக்கும் குறைவான தொகையில் இயங்குவதாகத் தெரியவந்தது. வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊதியமில்லாத தன்னார்வலர்கள். இப்போது ஒரு வழக்கமான அரசு மானிய விண்ணப்பத்தை அந்த அமைப்பின் கையில் கொடுத்துப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, மொத்தச் செலவில் ஒரு பகுதியை அமைப்பே ஏற்கும் என்ற உறுதிமொழி, முதலில் செலவு செய்துவிட்டுப் பின்னர் பற்றுச்சீட்டு காட்டிப் பெற்றுக்கொள்ளும் முறை ஆகிய நான்கு நிபந்தனைகளிலேயே அது வெளியேறிவிடும். கையில் காசில்லாதவர் முன்கூட்டி எங்கிருந்து செலவழிப்பார்?

இதில் அதிகாரிகளை மட்டும் குறை சொல்வது எளிது, அதை நான் செய்யமாட்டேன். மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும். இளைஞர் என்ற காரணத்துக்காக அதைத் தளர்த்தினால், அடுத்த ஆண்டே ஆளுங்கட்சிப் பிரமுகரின் மருமகன் ஓர் இளைஞர் அமைப்பைத் தொடங்கிவிடுவார். வழி வேறிடத்தில் இருக்கிறது. தொகைக்கு ஏற்ற கணக்கு என்பதே அது. பெருந்தொகைக்கு முழுத் தணிக்கை இருக்கட்டும். சிறு தொகைக்கு ஒரு பக்க அறிக்கையும், ஒரு நேரடிப் பார்வையும் போதும். பதிவில்லாத குழுக்களுக்கு, பதிவுள்ள பெரிய அமைப்பொன்று கணக்குப் பொறுப்பை ஏற்றுப் பணத்தைப் பெற்றுக் கொடுக்கும் முறையும் நடைமுறையில் உண்டு. ஆனால் அதில் ஒரு கசப்பு இருக்கிறது: பொறுப்பேற்கும் அமைப்பு நிர்வாகச் செலவென்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஆண்டறிக்கையில் பெயரையும் தானே எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, நிதியாண்டு முடிவு. நிதி ஒதுக்கீட்டு ஆணை தாமதமாக வந்து, ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஏற்படும்போது, அந்தப் பணம் அச்சிட்ட பைகளாகவும் ஒருநாள் கருத்தரங்குகளாகவும்தான் மாறும். இரு சமூகத்து இளைஞர்களுக்கிடையே நம்பிக்கை வளர்வதற்கு நிதியாண்டு தெரியாது.

வழிப்போக்கன்

நீங்கள் இருவரும் அரசு கொடுக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, எப்படிக் கொடுப்பது என்று பேசுகிறீர்கள். என் கேள்வி அதற்கும் முந்தையது. பல மோதல்களில் அரசே ஒரு தரப்பு. அப்படிப்பட்ட இடத்தில் அரசுப் பணம் வாங்கிய இளைஞரை அடுத்த தரப்பு எந்தக் கண்ணால் பார்க்கும்? அவர் கொண்டுவரும் செய்தியை அரசின் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும். அமைதிப் பணியில் ஈடுபடுகிறவரிடம் இருக்கும் ஒரே மூலதனம் நம்பகத்தன்மை. அதைப் பறித்துக்கொண்டு மானியம் தருவது ஆதரவாகாது.

கயல்

வழிப்போக்கன் ஐயா எழுப்பிய கேள்வி நியாயமானது. ஆனால் அரசின் பணத்துக்கும் அரசின் கைக்கும் நடுவே தூரம் வைக்க முடியும் என்பதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது.

பிரான்சும் ஜெர்மனியும் மூன்று தலைமுறைக்குள் மூன்று போர்களை நடத்திய நாடுகள். 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோலும் மேற்கு ஜெர்மனிப் பிரதமர் அடினாவரும் கையெழுத்திட்ட எலிசே ஒப்பந்தத்தின் விளைவாக அதே ஆண்டில் பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. இரண்டு அரசுகளும் சமபங்கு பணம் போடுகின்றன. அலுவலகம் எந்த ஒரு நாட்டின் அமைச்சகத்துக்கும் கீழே இல்லாமல் தனிச் சட்ட ஆளுமையோடு இயங்குகிறது. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் பரிமாற்றங்களில் கலந்துகொண்டிருக்கிறார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு, 2016 ஜூலையில் மேற்கு பால்கன் பகுதியின் ஆறு அரசுகள் மண்டல இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகத்தை நிறுவின. தலைமையகம் அல்பேனியாவின் டிரானாவில் இருக்கிறது. கொசோவோவை இன்னும் நாடாகவே அங்கீகரிக்காத செர்பியாவும், அந்தக் கொசோவோவும் இந்த ஓர் அலுவலகத்துக்குச் சேர்ந்து பணம் செலுத்துகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். அதன் ஆளுகைக் குழுவில் ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஓர் அரசுப் பிரதிநிதியும் இளைஞர்களின் சார்பில் ஒருவரும் அமர்கிறார்கள். இளைஞர் அங்கே விருந்தினர் அல்லர், முடிவில் வாக்குள்ளவர்.

மூன்றாவது எடுத்துக்காட்டு வட அயர்லாந்து. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் சமூகங்களுக்கிடையே பல ஆண்டு நடந்த மோதலை முடிக்க 1998 ஏப்ரலில் கையெழுத்தான புனித வெள்ளி உடன்படிக்கையிலேயே, வன்முறையால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் இளைஞர்கள் தனிப்பட்ட இடர்ப்பாடுகளைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களுக்கான சமூக அளவிலான முயற்சிகளுக்கு ஆதரவு தரப்படும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'பீஸ்' நிதித்திட்டம் அதற்கு முன்பே, 1995-இல் தொடங்கிவிட்டது. இன்று நடக்கும் கட்டத்தின் மதிப்பு சுமார் 110 கோடி யூரோ. பணத்தைப் பகிர்ந்தளிப்பது பிரிட்டிஷ் அரசோ அயர்லாந்து அரசோ நேரடியாக அல்ல. உடன்படிக்கையின் கீழ் அமைந்த எல்லை கடந்த அமைப்பொன்று அதைச் செய்கிறது. முந்தைய கட்டத்தில் 14 முதல் 24 வயதுள்ளவர்களுக்கென்று தனிப் பிரிவே இருந்தது. அதில் சேர்ந்த இளைஞர் ஒருநாள் பயிற்சிக்கு வந்து போகவில்லை, பல மாதங்கள் தொடர்ந்து மறுபக்கத்து இளைஞர்களோடு பழகினார். பணம் முப்பது ஆண்டுகளாக நிற்காமல் வருவதுதான் இதில் முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

வழிப்போக்கன்

கயல் அவர்களே, விரிவான விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் காட்டிய மூன்றிலும் துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகே அலுவலகமோ பெரும் நிதியோ வந்தது. வட அயர்லாந்தில்கூட 1994 போர்நிறுத்தத்துக்குப் பிந்தைய ஆண்டில்தான் நிதித்திட்டம் தொடங்கியது. ஓயாத இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். நான் கலந்துகொண்ட ஒரு பயிலரங்கில் இரு தரப்பு இளைஞர்களும் இருந்தார்கள். வாசலிலேயே ஒரு மேசை, மேசைமேல் ஒரு தாள். பெயர், முகவரி, கைப்பேசி எண், கையொப்பம் ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டிருந்தது. நிதி கொடுத்தவருக்கு வருகைப் பதிவு தேவையாம். முன்னால் நின்ற ஓர் இளைஞர் எழுதுகோலைக் கையில் எடுத்தார், தனக்கு மேலே எழுதப்பட்டிருந்த பெயர்களை ஒருமுறை படித்தார், எழுதுகோலை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்தத் தாள் யார் கைக்குப் போனாலும் அது ஒரு பட்டியல். அரசு மாறும், அதிகாரி மாறுவார், பட்டியல் கோப்பில் இருக்கும்.

2535-ஆம் தீர்மானம் இளைஞர்களின் பாதுகாப்பை வலியுறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அவர்களை மிரட்டுகிறவர்களில் சில இடங்களில் அரசின் காவல் துறையே இருக்கும்போது, பாதுகாப்பை யாரிடம் கேட்பது? ஆகவே, எதையும் கொடுப்பதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டியது சில காரியங்களைச் செய்யாமல் இருப்பது. மறுதரப்போடு பேசியதற்காக ஒருவரைத் தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்காமல் இருப்பது, கூட்டம் கூட முன் அனுமதி கேட்காமல் இருப்பது, வெளிநாட்டு உதவி பெற்றதையே குற்றமாக்காமல் இருப்பது ஆகியவற்றுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு காசும் வேண்டியதில்லை.

பேரேடு

வருகைப் பதிவைப் பற்றி நண்பர் சொன்னது கணக்குக்காரனாகிய என்னைச் சுடுகிறது, ஏனென்றால் அந்தத் தாளைக் கேட்பவர்கள் எங்கள் இனம்தான். அதற்கு மாற்று இல்லாமலில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் எண்ணிச் சான்றளிக்கலாம். உணவுக்கும் போக்குவரத்துக்கும் ஆன பற்றுச்சீட்டுகளே எண்ணிக்கையைச் சரிபார்க்கப் போதுமானவை. தணிக்கையாளருக்கு வேண்டியது செலவு நடந்ததற்கான ஆதாரம். யாருக்காக நடந்தது என்பதற்குப் பெயர் தேவையில்லை. இதை மானிய விதிகளில் ஒரே வரியில் எழுதிவிடலாம். எழுதும் அதிகாரம் உள்ளவர்களுக்கு அந்த வாசலில் நின்ற அனுபவம் இல்லை என்பதுதான் சிக்கல்.

நிலவன்

பணத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசியாகிவிட்டது. சட்டப்படியான பொறுப்பைப் பற்றி யாரும் விரிவாகத் தொடவில்லை என்பதால் இரண்டு நாடுகளைக் குறிப்பிடுகிறேன்.

பிலிப்பைன்ஸில் ஒவ்வொரு பாரங்காயிலும், அதாவது மிகச் சிறிய உள்ளாட்சி அலகிலும், 'சங்குனியாங் கபாட்டான்' என்ற இளைஞர் அவை உண்டு. அரசியல் குடும்பங்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் பயிற்சிக்கூடமாக்கிக்கொண்டார்கள், ஊழல் பழகும் இடமாயிற்று என்ற குற்றச்சாட்டுகள் வலுத்ததால் தேர்தலே சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016-இல் வந்த சீர்திருத்தச் சட்டம் மூன்று மாற்றங்களைச் செய்தது. வேட்பாளரின் வயது 18 முதல் 24 வரை என்று உயர்ந்தது. பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர்கள் போட்டியிடத் தடை வந்தது. பாரங்காயின் பொது நிதியில் 10 விழுக்காடு இளைஞர் அவைக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டு, அதைச் செலவிடும் உரிமையும் அவைக்கே உறுதி செய்யப்பட்டது. பணமும் அதிகாரமும் சேர்ந்தே வந்தன. (அந்தப் பணத்தில் கூடைப்பந்துப் போட்டிகளே அதிகம் நடக்கின்றன என்ற முணுமுணுப்பும் உண்டு, இரண்டு பகைத் தெருக்கள் ஒரே அணியில் ஆடினால் நான் அதையும் அமைதிப் பணியாகவே எண்ணிக்கொள்வேன்.) மின்டனாவோ தீவில் பல பத்தாண்டுப் போருக்குப் பின் உருவான பங்சாமோரோ தன்னாட்சிப் பகுதியின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் 80 உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இளைஞர்களுக்கென்றே ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. எண்பதில் ஒன்று மிகக் குறைவு. ஆயினும் அழைத்தால் வரலாம் என்ற சலுகையாக இல்லாமல் சட்டத்தில் எழுதிய உரிமையாக அது இருக்கிறது.

கொலம்பியாவின் கதை வேறு. 2016 அக்டோபர் 2 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையிலான அமைதி உடன்படிக்கை மயிரிழையில் தோற்றபோது, தெருவுக்கு வந்து பேச்சுவார்த்தையைக் கைவிடாதீர்கள் என்று கேட்டவர்களில் மாணவர்கள் முன்னணியில் இருந்தார்கள். திருத்தப்பட்ட உடன்படிக்கை நவம்பர் 24 அன்று கையெழுத்தாயிற்று. அதே நாட்டில் 2013-இலேயே சட்டமாகியிருந்த இளைஞர் அவைகளுக்கான முதல் தேசிய அளவிலான தேர்தல் 2021 டிசம்பர் 5 அன்றுதான் நடந்தது. 14 முதல் 28 வயது வரையுள்ளவர்கள் வாக்களிக்கலாம் என்றிருந்தும், பத்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள். தெருவில் திரண்டவர்கள் வாக்குப்பெட்டிக்கு வரவில்லை. அவர்களுக்கு அக்கறையில்லை என்று அரசு அதை விளக்கலாம். முடிவெடுக்கும் உரிமையோ சொந்த நிதியோ இல்லாத, கருத்து மட்டும் சொல்லக்கூடிய ஓர் அவைக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம் என்பதே என் ஊகம்.

செங்காந்தள்

நிலவன் அவர்களின் பிலிப்பைன்ஸ், கொலம்பியா ஒப்பீடு நான் தேடிக்கொண்டிருந்ததைத் தெளிவாக்குகிறது. இதனோடு இன்னொரு பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். பல அரசுகள் இளைஞர்களுக்கு வேலை கொடுத்துவிட்டால் அமைதி தானே வந்துவிடும் என்று நினைக்கின்றன. 2250-ஆம் தீர்மானத்தின் பேரில் தயாரிக்கப்பட்டு 2018-இல் வெளிவந்த சார்பற்ற ஆய்வு இந்த எண்ணத்தை நேராகவே மறுத்தது. இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடுவதில்லை. அவர்களைத் துன்புறுத்துவது வேலையின்மை மட்டுமல்ல, எல்லா இடங்களிலிருந்தும் ஒதுக்கி வைக்கப்படுவதும்கூட என்று அது சொன்னது.

சியரா லியோனை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் முடிந்த உள்நாட்டுப் போரில் ஆயுதத்தை ஒப்படைத்தவர்கள் 72,000-க்கும் மேல். தச்சு, தையல் என்று சில மாதத் தொழிற்பயிற்சி பெற்ற பலருக்கு வேலை அமையவில்லை. ஆனால் போ, மகேனி, கெனமா போன்ற நகரங்களில் முன்னாள் போராளிகள் தாங்களாகவே 'ஒகாடா' எனப்படும் மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டத்தைத் தொடங்கினார்கள். எதிரெதிர் அணிகளில் சுட்டுக்கொண்டவர்கள் ஒரே நிறுத்தத்தில் முறை வைத்துச் சவாரி ஏற்றினார்கள். சங்கம் அமைத்து, சந்தா வசூலித்து, உறுப்பினர் காவல் துறையிடம் மாட்டினால் பேசுவதற்கு ஆள் அனுப்பினார்கள். எந்தத் திட்ட ஆவணத்திலும் இல்லாத சமூக இணைப்பு அது. அரசு பின்னாளில் அவர்களை முதன்மையாகப் போக்குவரத்துப் பிரச்சினையாகவே கண்டது. தலைநகரின் மையப் பகுதியில் ஓட்டுவதற்குத் தடையும் வந்தது. விபத்துகளைக் கட்டுப்படுத்த வேண்டியது அரசின் கடமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவுக்கு முன் அந்தச் சங்கங்களோடு உட்கார வேண்டியது போக்குவரத்துத் துறை மட்டும்தானா?

முன்னாள் களப்பணியாளர்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 18 முதல் 29 என்ற வரம்பு தீர்மானத்துக்கு வசதியானது, களத்துக்கு அல்ல. 2021 ஏப்ரலில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் நடந்த கலவரத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகள் பெட்ரோல் குண்டு வீசினார்கள், பெரியவர்கள் நின்று உற்சாகப்படுத்தினார்கள். அந்த வரம்பை வைத்த எந்தத் திட்டத்திலும் சேர அந்தப் பிள்ளைகளுக்கு வயது போதாது. மறுமுனையில், பல ஆண்டு உழைத்து இரு பக்கமும் நம்பிக்கை பெற்ற ஒருவர் முப்பதைத் தொட்டவுடன் திட்டத்திலிருந்து விழுந்துவிடுகிறார், அவரோடு அவருக்குத் தெரிந்தவர்களின் எண்களும் போய்விடுகின்றன.

எண்கள் என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. 1990-களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்டில் இரு சமூகங்களையும் பிரிக்கும் சுவரையொட்டிய எல்லைத் தெருக்களில் சமூகப் பணியாளர்களுக்குக் கைப்பேசிகள் கொடுக்கப்பட்டன. சுவருக்கு இந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தால், அந்தப் பக்கத்திலுள்ளவரை அழைத்து, உங்கள் ஆட்கள் வருகிறார்களாமே, உண்மையா என்று கேட்பார்கள். பாதி நேரம் அது வதந்தியாக இருக்கும். இரண்டு பக்கமும் அவரவர் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செலவு ஒரு கைப்பேசி, ஒரு மாதக் கட்டணம், இரவில் விழித்திருக்க ஒப்புக்கொண்ட இரண்டு மனிதர்கள். ஆனால் அந்த இரண்டு மனிதர்களும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு ஆண்டுகள் ஆகியிருக்கும், அந்த ஆண்டுகளுக்கு யாரோ சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

பேரேடு

களப்பணியாளர் ஐயா சொன்ன சம்பளம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். 2250-ஆம் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தும் தேசியச் செயல்திட்டங்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. முதல் நாடு பின்லாந்து, 2021-இல். அதே ஆண்டில் நைஜீரியாவும் வெளியிட்டது. இத்தகைய ஆவணத்தை யார் வெளியிட்டாலும், முன்னுரையைத் தாண்டிப் போய் நான் தேடுவது, எந்த அமைச்சகம், எந்தக் கணக்குத் தலைப்பு, எத்தனை ஆண்டு, களத்தில் நிற்பவருக்கு ஊதியம் என்ற இனம் உண்டா என்பதைத்தான். பயிற்சி, விழிப்புணர்வு, கலந்தாய்வு ஆகியவற்றுக்கெல்லாம் பணம் இருந்து ஊதியத்துக்கு மட்டும் இல்லையென்றால், அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் பெற்றோர் செலவில் வாழ முடிந்த நகரத்துப் பட்டதாரிகள் மட்டுமே.

வழிப்போக்கன்

ஊதியத்தை நானும் ஏற்கிறேன், அதை மூன்றாம் கை வழங்க வேண்டும் என்ற கயலின் நிபந்தனையோடு. அரசு மோதலில் ஒரு தரப்பாக இருக்கும் வரை, அதன் நேரடிச் சம்பளப் பட்டியலில் ஓர் அமைதிப் பணியாளரின் பெயர் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் இறங்கி வருவதாக இல்லை. பெயரில்லாமல் எண்ணிக் கணக்குக் காட்டும் விதியின் வரைவைப் பேரேடு அவர்கள் இங்கே எழுதித் தந்தால், அதில் உள்ள ஓட்டைகளைத் தேடிச் சொல்ல நான் தயார்.